“கீழ அரிக்குது டாக்டர்”: யாராவது ஒருத்தர் பார்க்கணும்

இது எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, கொஞ்சம் திருத்தியிருக்கிறோம். விருந்தினர், சென்னையில் பணிபுரியும் பெண்கள் நல மருத்துவர். இது பொதுவான தகவல் மட்டுமே. உங்களுக்கு என்ன சிகிச்சை என்பதை உங்களைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும்.

தொகுப்பாளர்: போன மாசம் நமக்கு ஒரு மெயில் வந்தது. எழுதினவங்களுக்கு வயசு 27. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. சுருக்கமா இதுதான் விஷயம்:

“ஒன்றரை வருஷமா கீழ அரிப்பு. மெடிக்கல் ஷாப்ல க்ரீம் வாங்கிப் போட்டேன். பத்து நாள் நிக்கும், மறுபடி வரும். ஒரு டாக்டர்கிட்ட போனேன், பார்க்காமலே மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. இப்போ வேற டாக்டர் பார்த்துட்டு, துளியூண்டு தோல் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட்ல ‘வல்வார் ஹெச்.எஸ்.ஐ.எல்.’னு இருக்கு. கூகுள் பண்ணினா ‘ப்ரீகேன்சர்’னு வருது. நான் செத்துடுவேனா? இதை அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?”

முதல் கேள்விக்கு டாக்டர் பதில் சொல்வாங்க. ரெண்டாவது கேள்விக்கு நான் கடைசியில வர்றேன். அதுக்கு எனக்கும் ஒரு காரணம் இருக்கு.

டாக்டர்: முதல் கேள்விக்கு இப்பவே சொல்லிடறேன். இல்லம்மா, சாக மாட்டீங்க. இது புற்றுநோய் இல்ல. ஆனா கவனிக்காம விடக்கூடிய விஷயமும் இல்ல. சரியான நேரத்துல ஒருத்தர் பார்த்துட்டாங்க. அதுதான் இதுல பாதி வைத்தியம்.

முதல்ல அந்த இடத்துக்கு ஒரு பேர்

தொகுப்பாளர்: “அங்க”, “கீழ”, “அந்த இடம்”... நம்ம ஊர்ல இதுக்கு ஒரு பேரே கிடையாதா டாக்டர்?

டாக்டர்: பிறப்புறுப்புன்னு ஸ்கூல் புத்தகத்துல படிச்சிருப்போம். அது எல்லாத்தையும் சேர்த்துச் சொல்ற வார்த்தை. நாம இன்னைக்குப் பேசறது ‘வல்வா’ பத்தி. அதாவது வெளியே கண்ணுக்குத் தெரியற பகுதி. வெளி உதடுகள், உள் உதடுகள், கிளிட்டோரிஸ், அதை மூடியிருக்கிற தோல், சிறுநீர் வர்ற துவாரம், யோனியோட வாசல், இதெல்லாம் சேர்ந்ததுதான் வல்வா. யோனிங்கறது உள்ளே போற பாதை. கருப்பை வாய் அந்தப் பாதை முடியற இடத்துல இருக்கு. மூணும் வேற வேற.

தொகுப்பாளர்: இந்த வித்தியாசம் எதுக்கு முக்கியம்?

டாக்டர்: “போன வருஷம்தான் பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல். அப்போ எனக்கு ஒண்ணும் இருக்காது”ன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கு மட்டும்தான். வல்வாவுக்கு அப்படி ஒரு ஸ்க்ரீனிங் டெஸ்ட்டே கிடையாது. ரத்தப் பரிசோதனையில தெரியாது. வயித்து ஸ்கேன்ல தெரியாது. இது வெளியே இருக்கிற தோல். கண்ணால பார்த்தாதான் தெரியும். பார்க்கறதுக்குத்தான் நாம எல்லாரும் கூச்சப்படறோம். நோயாளி, நோயாளியோட வீட்டுக்காரங்க, சில சமயம் டாக்டரும்.

ப்ரீகேன்சர்னா என்ன?

டாக்டர்: நம்ம மேல்தோலுக்கு அடியில ஒரு மெல்லிய படலம் இருக்கு. மேல்தோல் செல்கள்ல சிலது தாறுமாறா மாற ஆரம்பிக்கும். அந்த மாறின செல்கள் படலத்துக்கு மேலயே இருக்கற வரைக்கும் அது ப்ரீகேன்சர், புற்றுநோய்க்கு முந்தைய நிலை. படலத்தைத் தாண்டி கீழே இறங்கினாதான் புற்றுநோய். வல்வாவுல வர்ற இந்த முந்தைய நிலைக்கு டாக்டர்கள் வச்சிருக்கிற பேர் வி.ஐ.என்.

முதல்ல ஒரு ஆறுதல். வல்வா புற்றுநோய் அபூர்வமானது. 2020-ல உலகம் முழுக்க சுமார் 45,000 பெண்களுக்கு வந்ததா கணக்கு. அதே வருஷம் கருப்பை வாய்ப் புற்றுநோய் 6 லட்சம் பேருக்கு மேல வந்தது. அதனால அரிப்பு வந்ததும் கேன்சர்னு பயப்பட வேண்டாம். அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, சோப்பு, சானிட்டரி பேடு, இறுக்கமான உடைன்னு சாதாரணமா இருக்கும். எனக்குக் கவலை தர்றது போகாத அரிப்பு.

தொகுப்பாளர்: எத்தனை நாள் இருந்தா “போகாத அரிப்பு”?

டாக்டர்: சரியான மருந்து போட்டும் நாலு வாரத்துல போகலன்னா, இல்ல போய்ப் போய்த் திரும்பி வந்துட்டே இருந்தா, அந்த இடத்தை ஒருத்தர் நல்ல வெளிச்சத்துல பார்க்கணும். இந்த மெயில் எழுதினவங்க ஒன்றரை வருஷம் காத்திருந்திருக்காங்க. என்கிட்ட அஞ்சு வருஷம், பத்து வருஷம்னு சொல்றவங்க வர்றாங்க.

வர்றதுக்கு ரெண்டு வழி

டாக்டர்: இந்த முந்தைய நிலை ரெண்டு வழியில வருது. ரெண்டும் ரொம்ப வேற.

முதல் வழி ஹெச்.பி.வி. வைரஸ். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ்தான். அதுல பல வகை இருக்கு. இங்க பிரச்சினை பண்றது பெரும்பாலும் 16-ஆம் நம்பர். இதனால வர்றதுக்குப் பேர்தான் ஹெச்.எஸ்.ஐ.எல். இது பொதுவா இளம் வயசுலயும் நடு வயசுலயும் வரும். ஒரே இடத்துல இல்லாம நாலஞ்சு இடத்துல வரலாம். லேசா மேடா, சொரசொரப்பா, பார்க்க மரு மாதிரி இருக்கும். நிறம் வெள்ளையா இருக்கலாம், சிவப்பா இருக்கலாம். நம்ம தோலுக்குப் பல பேர்கிட்ட கரும்பழுப்பு இல்ல கறுப்பு நிறத்துலயே தெரியும். “மச்சம்தானே”ன்னு விட்டுடுவாங்க.

சிகரெட் பிடிக்கிறவங்களுக்கும், நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஹெச்.ஐ.வி. இருக்கிறவங்க, கிட்னி மாத்தினவங்க மாதிரி.

தொகுப்பாளர்: ரிப்போர்ட்ல எல்.எஸ்.ஐ.எல்.னு வந்தா?

டாக்டர்: அது மரு வகையறா. புற்றுநோய்க்கு முந்தைய நிலை இல்ல. முன்னாடி வி.ஐ.என். 1, 2, 3-னு நம்பர் போடுவாங்க. 1-ங்கறது ப்ரீகேன்சரே இல்லன்னு புரிஞ்சதால, 2004-லயே அந்த நம்பர் முறையை உலக அளவுல கைவிட்டாங்க. பழைய கட்டுரை படிச்சுட்டு “ஸ்டேஜ் 1 கேன்சர்”னு அழுதுட்டு வர்றவங்க இருக்காங்க. அதுக்காகச் சொல்றேன்.

தொகுப்பாளர்: ரெண்டாவது வழி?

டாக்டர்: அதுல வைரஸே கிடையாது. லைக்கன் ஸ்க்ளீரோசஸ்னு ஒரு தோல் நோய். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி நம்ம தோலையே தாக்கறதால வர்றதுன்னு புரிஞ்சுக்கலாம். தொற்றாது. அசுத்தத்தால வர்றது இல்ல. மாதவிடாய் நின்னவங்களுக்கு அதிகம். ஆனா இளம் பெண்களுக்கும், சின்னக் குழந்தைகளுக்கும்கூட வரும்.

ராத்திரி தூங்க விடாத அரிப்பு இருக்கும். தோல் வெளுத்து, மெலிஞ்சு, கசக்கின மெல்லிய காகிதம் மாதிரி சுருங்கும். லேசா தேய்ச்சாலே வெடிக்கும். வருஷக்கணக்குல விட்டா உள் உதடுகள் சுருங்கி மறைஞ்சுடும், கிளிட்டோரிஸ் மேல தோல் மூடி ஒட்டிக்கும், யோனி வாசல் குறுகிடும். உறவு வலிக்கும், சிறுநீர் போனா எரியும்.

வெண்புள்ளியோட இதைக் குழப்பிக்கறவங்க உண்டு. வெண்புள்ளியில நிறம் மட்டும்தான் மாறும். அரிக்காது, தோல் மெலியாது, சுருங்காது.

லைக்கன் ஸ்க்ளீரோசஸ் இருக்கிற 100 பேர்ல புற்றுநோய் வர்றது 5 பேருக்கும் குறைவு. ஆனா கவனிக்காம விட்டா, அந்தத் தோல்ல டிஃபரன்ஷியேட்டட் வி.ஐ.என்.னு இன்னொரு வகை ப்ரீகேன்சர் வரலாம். இதுதான் வேகமானது. நெதர்லாந்துல வி.ஐ.என். இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களோட கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. ஹெச்.பி.வி. வகையில 10 வருஷத்துல புற்றுநோயா மாறினது 100-ல சுமார் 10 பேருக்கு. இந்த ரெண்டாவது வகையில 100-ல 50 பேருக்கு.

தொகுப்பாளர்: பாதிக்குப் பாதி...

டாக்டர்: ஆமா. பார்த்தா அவ்வளவு பயங்கரமா இருக்காது. வெளுத்த தோல் நடுவுல கொஞ்சம் தடிச்ச ஒரு திட்டு, இல்ல ஆறாத ஒரு சின்னப் புண். அவ்வளவுதான். அதனால அது கண்ணுல படறதே கஷ்டம்.

என் அம்மா

தொகுப்பாளர்: இங்க நான் ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன்.

அம்மாவுக்கு 58 வயசு. சுகர் இருக்கு. ஆறு வருஷமா அரிப்பு. வீட்டுல யாருக்கும் தெரியாது. “உடம்பு சூடு”ன்னு அவங்களே முடிவு பண்ணி மோர், வெந்தயம், எண்ணெய்க் குளியல்னு பார்த்திருக்காங்க. பவுடர் போட்டிருக்காங்க. சுகருக்குப் போற டாக்டர்கிட்ட ரெண்டு தடவை தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்காங்க. “சுகர் இருந்தா அப்படித்தாம்மா வரும்”னு பூஞ்சைக்கு மாத்திரை. அவங்களும் பார்க்கல.

போன வருஷம் மதுரையிலேர்ந்து பஸ்ல வந்தாங்க. இறங்கினப்போ நடக்கவே முடியல. அப்பதான் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, “உக்கார முடியலடி, தோலு வெடிச்சிருக்கு”ன்னாங்க. கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பார்த்தாங்க. லைக்கன் ஸ்க்ளீரோசஸ். ஒரு இடத்துல திட்டு தடிச்சிருந்தது, பயாப்ஸி எடுத்தாங்க. இப்போ நீங்க சொன்னீங்களே, அந்த ரெண்டாவது வகை.

புற்றுநோயா மாறல. ஆபரேஷன் பண்ணி அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டாங்க. இப்போ களிம்பு போடறாங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை காட்டறோம். அம்மா ஒரு நாள் சொன்னாங்க: “ஆறு வருஷமா யாருமே பார்க்கல. நானே பார்க்கலையே.” அதுதான் இந்த எபிசோட்.

டாக்டர்: அம்மாவுக்கு நன்றி சொல்லுங்க. இதைப் பேச விட்டதுக்கே பெரிய மனசு வேணும்.

கண்ணாடி வச்சுப் பார்க்கிறது எப்படி?

தொகுப்பாளர்: சரி, வீட்டுல நாம என்ன பண்ணலாம்?

டாக்டர்: மாசம் ஒரு தடவை, ஒரு சின்னக் கைக்கண்ணாடி, நல்ல வெளிச்சம். கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு, குத்த வச்சோ, கட்டில் ஓரத்துல உக்காந்தோ பார்க்கலாம். வெளி உதடுகள்ல ஆரம்பிச்சு, விரிச்சு உள் உதடுகள், மேல கிளிட்டோரிஸைச் சுத்தி, கீழ யோனி வாசல், அப்புறம் ஆசனவாயைச் சுத்தி. ரெண்டு நிமிஷம் போதும். முதல் தடவை பார்க்கறது நோயைக் கண்டுபிடிக்க இல்ல. உங்க இயல்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க.

தொகுப்பாளர்: இயல்பு எதுன்னே தெரியாதவங்கதானே நாங்க. நெட்ல பார்க்கறதெல்லாம் வேற மாதிரி இருக்கு.

டாக்டர்: அதைச் சொல்லியே ஆகணும். ஒரு உதடு பெருசு, ஒண்ணு சின்னது, அது இயல்பு. உள் உதடு வெளியே தெரியறது இயல்பு. மத்த தோலை விடக் கறுப்பா இருக்கறது முழுக்க இயல்பு. அதை வெள்ளையாக்கறேன்னு விக்கிற க்ரீம் எதையும் அங்க போடாதீங்க. ரவை மாதிரி மஞ்சள் புள்ளிகள் இருக்கலாம், அது எண்ணெய்ச் சுரப்பி. யோனி வாசல்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, மெத்துன்னு, பொடிப்பொடியா விரல் மாதிரி நீட்டிட்டு இருக்கலாம். அது மரு இல்ல, சிலருக்கு அமைப்பே அப்படித்தான்.

டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது இதெல்லாம்:

- போன மாசம் இல்லாத வெள்ளை, சிவப்பு, கரும்பழுப்புத் திட்டு
- மேடு, சொரசொரப்பு, மரு மாதிரி வளர்ச்சி
- வடிவமோ நிறமோ மாறுற மச்சம்
- மெலிஞ்சு சுருங்கின தோல், அடிக்கடி வர்ற வெடிப்பு
- உதடுகள் சுருங்கறது, ஒட்டிக்கறது
- மருந்துக்கு அடங்காத அரிப்பு, எரிச்சல், உறவின்போது வலி

கட்டி, ரத்தக்கசிவு, சில வாரமாகியும் ஆறாத புண், இந்த மூணுல எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. அந்த வாரமே போங்க. இன்னொண்ணு, சிலருக்கு அரிப்பே இருக்காது. அதனாலதான் கண்ணாடி.

மெடிக்கல் ஷாப் க்ரீம்

தொகுப்பாளர்: மெயில்ல சொன்ன க்ரீம் கதை எங்க எல்லாருக்கும் தெரியும். படர்தாமரைக்குக் கொடுக்கற க்ரீமையே “இதைப் போடுங்க சிஸ்டர்”னு கொடுத்துடுவாங்க.

டாக்டர்: அந்த ட்யூப்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. பலதுல பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், வீரியமான ஸ்டீராய்டு மூணும் ஒண்ணா இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அமுக்கிடும். “ஆஹா, சரியாயிடுச்சு”ன்னு தோணும். பூஞ்சையா இருந்தா உள்ளுக்குள்ள அது இன்னும் பரவும். ப்ரீகேன்சரா இருந்தா ஒண்ணும் மாறாது, மாசக்கணக்குல நேரம்தான் போகும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. லைக்கன் ஸ்க்ளீரோசஸுக்கு நாங்க கொடுக்கற முக்கியமான மருந்தும் வீரியமான ஸ்டீராய்டுதான். குளோபிடசோல் களிம்பு. நோய் எதுன்னு பார்த்து, அளவு சொல்லிக் கொடுத்தா அது நல்ல மருந்து. பார்க்காம வாங்கினா அதுவே வில்லன்.

டாக்டர் ரூமுக்குள்ள

தொகுப்பாளர்: “கல்யாணம் ஆச்சா?” இந்தக் கேள்விக்குப் பயந்தே நிறைய பேர் போறதில்ல டாக்டர். ஆகலன்னு சொன்னா பார்க்காமலே அனுப்பிடறாங்க.

டாக்டர்: தப்புதான். வல்வாவைப் பார்க்க உள்ளே எந்தக் கருவியும் விட வேண்டியதில்ல. வெளியே தோலைப் பார்க்கறோம், அவ்வளவுதான். கல்யாணம் ஆனவங்களா இல்லையாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்களே கேளுங்க. கேட்க வார்த்தை வரலன்னா, இப்படியே சொல்லுங்க: “டாக்டர், வெளிப்பக்கத் தோல்ல மூணு மாசமா அரிப்பு. இந்த மருந்தெல்லாம் போட்டுட்டேன், போகல. ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.” லேடி டாக்டர் வேணும்னு கேட்கலாம். கூட அம்மாவோ ஃப்ரெண்டோ இருக்கட்டும்னு கேட்கலாம். பெண்கள் நல டாக்டர்கிட்டயும் போகலாம், தோல் டாக்டர்கிட்டயும் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல ரெண்டு பிரிவும் இருக்கும்.

தொகுப்பாளர்: பயாப்ஸின்னா கேட்கவே பயமா இருக்கே.

டாக்டர்: மரத்துப்போக ஒரு ஊசி போடுவோம். அந்த ஊசி சுருக்குன்னு இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நாலு மில்லிமீட்டர் அளவுக்கு, பென்சில் முனை கனத்துல ஒரு துண்டு எடுப்போம். சில சமயம் ஒரு தையல். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். “கத்தி பட்டா கேன்சர் பரவும்”னு ஒரு பேச்சு இருக்கு. அதை நம்பாதீங்க. கண்ணால பார்த்துச் சந்தேகப்படலாம், உறுதி பண்ண பயாப்ஸி வேணும். ஹெச்.எஸ்.ஐ.எல்.னு வந்தா கருப்பை வாயையும், ஆசனவாய்ப் பகுதியையும் சேர்த்துப் பார்க்கணும். அதே வைரஸ் அங்கயும் இருக்க வாய்ப்பு இருக்கு.

சிகிச்சை

தொகுப்பாளர்: மெயில் எழுதினவங்களுக்கு இனிமே என்ன நடக்கும்?

டாக்டர்: அவங்களுது ஹெச்.பி.வி. வகை. மூணு வழி இருக்கு. திட்டை ஓரத்துல கொஞ்சம் நல்ல தோலோட வெட்டி எடுக்கலாம். லேசர்ல எரிக்கலாம். இல்லன்னா இமிக்விமாட்னு ஒரு க்ரீம். உள்ளே புற்றுநோய் ஒளிஞ்சிருக்கலாம்னு சந்தேகம் வந்தா மட்டும் க்ரீமும் லேசரும் கூடாது, வெட்டி எடுத்து முழுசா டெஸ்ட் பண்ணணும்.

இமிக்விமாட் நேரடியா செல்லைக் கொல்றதில்ல. அந்த இடத்துக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியைக் கூப்பிட்டு வரும். ஆஸ்திரியாவுல 110 பெண்களை வச்சு நடந்த ஆய்வு 2022-ல வெளிவந்தது. பாதிப் பேருக்கு இந்த க்ரீம், பாதிப் பேருக்கு ஆபரேஷன். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, திட்டு முழுசா மறைஞ்சது க்ரீம் போட்டவங்கள்ல 80 சதவீதம், ஆபரேஷன் பண்ணினவங்கள்ல 79 சதவீதம். கிட்டத்தட்ட ஒண்ணுதான். இளம் பெண்களுக்கு இது பெரிய விஷயம். அந்த இடத்தோட அமைப்பு மாறாம, தழும்பு இல்லாம குணமாக வாய்ப்பு இருக்கு.

தொகுப்பாளர்: அப்போ க்ரீம் ஈஸியான வழியா?

டாக்டர்: ஈஸின்னு சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ரெண்டு மூணு ராத்திரி, நாலு மாசம் வரைக்கும், சில சமயம் அதுக்கு மேலயும். சிவக்கும், எரியும், சிலருக்குக் காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு வலிக்கும். அப்போ பயந்து நிறுத்தாம டாக்டர்கிட்ட பேசினா இடைவெளி விட்டுத் தொடரலாம். இந்த க்ரீம் பட்டா காண்டம் பலவீனமாயிடும். கர்ப்பமா இருந்தாலோ, திட்டம் இருந்தாலோ முதல்லயே சொல்லணும்.

ரெண்டாவது வகை, உங்க அம்மாவுக்கு வந்தது, அதுக்கு க்ரீம் கிடையாது. வெட்டித்தான் எடுக்கணும். அங்க காத்திருக்கக் கூடாது.

தொகுப்பாளர்: லைக்கன் ஸ்க்ளீரோசஸ் மட்டும் இருந்தா?

டாக்டர்: குளோபிடசோல் களிம்பு. பொதுவா முதல் மாசம் தினம் ராத்திரி, அடுத்த மாசம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூணாவது மாசம் வாரம் ரெண்டு தடவை. அளவு ரொம்பக் கொஞ்சம். 30 கிராம் ட்யூப் ஒண்ணு மூணு மாசத்துக்கு வரும். அப்புறம் அரிப்பு இல்லாட்டியும் டாக்டர் சொன்ன இடைவெளியில தொடரணும்.

இங்கதான் நம்மாளுங்க விட்டுடறாங்க. “அரிப்பு போயிடுச்சு”, “ஸ்டீராய்டாமே, பக்கத்து வீட்டு அக்கா வேண்டாங்கறாங்க.” ஆஸ்திரேலியாவுல 507 பெண்களைப் பல வருஷம் கவனிச்சு 2015-ல வெளியிட்டாங்க. சொன்னபடி மருந்து போட்டவங்கள்ல ஒருத்தருக்குக்கூட புற்றுநோயோ ப்ரீகேன்சரோ வரல. விட்டு விட்டுப் போட்டவங்கள்ல 100-க்கு கிட்டத்தட்ட 5 பேருக்கு வந்தது. அந்த ட்யூபை நான் அரிப்பு மருந்துன்னு சொல்றதில்ல. புற்றுநோய் வராம இருக்கப் போடற மருந்துன்னுதான் சொல்றேன்.

கூடவே, அங்க சோப்பு வேண்டாம், கிருமிநாசினி வேண்டாம், வாசனை வாஷ் வேண்டாம். தண்ணி போதும். பருத்தி உள்ளாடை.

தொகுப்பாளர்: குணமான பிறகு திரும்பி வருமா?

டாக்டர்: வரலாம். வி.ஐ.என். எந்தச் சிகிச்சை எடுத்தாலும் மூணுல ஒருத்தருக்குத் திரும்பி வருது. அதனால முடிஞ்சுதுன்னு ஓடிடக் கூடாது. ஆறாவது மாசம், பன்னிரண்டாவது மாசம், அப்புறம் வருஷா வருஷம் ஒரு தடவை காட்டணும். இடையில கண்ணாடி. சிகரெட் பிடிக்கிறவங்க நிறுத்தணும். இது அறிவுரை இல்ல, சிகிச்சையோட ஒரு பகுதி.

“யார்கிட்ட இருந்து வந்தது?”

தொகுப்பாளர்: ஹெச்.பி.வி.ன்னு ரிப்போர்ட் வந்தா வீட்டுல, ரிலேஷன்ஷிப்ல வர்ற முதல் கேள்வி இதுதான்.

டாக்டர்: அந்தக் கேள்விக்கு ரிப்போர்ட் பதில் சொல்லாது. உறவுல இருக்கற பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது இந்த வைரஸ் வந்துட்டுப் போகும். பலருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உடம்பே அதை அடக்கிடும். சிலருக்குப் பல வருஷம் சத்தமில்லாம இருந்துட்டு வெளியே வரும். அதனால இதை வச்சு யாரோட நடத்தையையும் அளக்க முடியாது. ஒரு மனைவியையும் சந்தேகப்பட வேண்டாம், ஒரு கணவனையும் சந்தேகப்பட வேண்டாம். ப்ரீகேன்சர் தொற்றாது. வைரஸ்தான் தொற்றும்.

தொகுப்பாளர்: தடுப்பூசி?

டாக்டர்: கருப்பை வாய்க்குன்னு விளம்பரம் பண்றதால பலருக்குத் தெரியறதில்ல, அதே ஊசி வல்வாவுக்கும் பாதுகாப்பு. சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கிற செர்வாவேக் 2023-லேர்ந்து கிடைக்குது. அது 6, 11, 16, 18 வகைகளைத் தடுக்கும். 9-லேர்ந்து 26 வயசு வரைக்கும், ஆண் பெண் ரெண்டு பேருக்கும். 14 வயசு வரைக்கும் ரெண்டு டோஸ், 15-லேர்ந்து மூணு. 26 தாண்டினவங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ஏற்கெனவே வந்த திட்டை இந்த ஊசி குணமாக்காது. லைக்கன் ஸ்க்ளீரோசஸ் வழியா வர்றதையும் தடுக்காது. அதுக்குக் களிம்பும் கண்ணாடியும்தான்.

அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?

தொகுப்பாளர்: இப்போ அந்த ரெண்டாவது கேள்வி. மெயில் எழுதின தோழிக்கு நான் இதைத்தான் பதிலா அனுப்பினேன்.

“கேன்சர்”ங்கற வார்த்தையில ஆரம்பிக்காதீங்க. “அம்மா, ரொம்ப நாளா அரிப்பு இருந்துச்சு. டாக்டர் பார்த்தாங்க. தோல்ல ஒரு மாற்றம் இருக்காம், இப்பவே கண்டுபிடிச்சதால சரி பண்ணிடலாமாம், கொஞ்ச நாள் மருந்து போடணுமாம்.” இவ்வளவு போதும். சொல்லி முடிச்சதும் இன்னொண்ணு கேளுங்க: “உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்காம்மா?” முதல் தடவை “அதெல்லாம் ஒண்ணும் இல்ல”ன்னுதான் வரும். எங்க வீட்டுலயும் அப்படித்தான் வந்தது. ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க.

அவங்க பதில் எழுதியிருந்தாங்க. அம்மாகிட்ட சொல்லிட்டாங்களாம். அம்மா முதல்ல அழுதாங்களாம், அப்புறம் திட்டினாங்களாம், “ஒன்றரை வருஷம் ஏன்டி சொல்லல”ன்னு. இப்போ இமிக்விமாட் ஆறாவது வாரம். எரியுதாம், ஆனா நிறுத்தல. அடுத்த செக்கப்புக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போறாங்க. அம்மாவும் ஒரு தடவை காட்டிக்கறேன்னு சொல்லியிருக்காங்களாம்.

டாக்டர், கடைசியா ஒரு வரி?

டாக்டர்: போகாத அரிப்புக்கு மருந்து மாத்தாதீங்க. பார்க்கச் சொல்லுங்க.

தொகுப்பாளர்: கேட்டுட்டு இருக்கிற பசங்களுக்கும் ஒண்ணு: இது உங்க வீட்டுலயும் நடக்குது. அம்மா, அக்கா, காதலி யாராவது “கொஞ்சம் டாக்டர்கிட்ட போகணும்”னு தயங்கிச் சொன்னா, காரணம் கேட்டுட்டு நிக்காம வண்டியை எடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.